படிச்சாச்சா? - ஒரு ரசீதின் கதை

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆணி கொஞ்சம் கம்மி. சரி, இன்பாக்ஸையாவது சுத்தம் பண்ணுவோமேன்னு உட்கார்ந்தேன். படிக்காத மெயிலே நாலாயிரத்துக்கு மேல கிடந்தது. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே டிலீட். அப்பாடான்னு வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில டேமேஜர் கூப்பிட்டார். அவர் இன்பாக்ஸ் முழுக்க என் பெயரில் கடிதங்கள். "நாட் ரீட்", "நாட் ரீட்", "நாட் ரீட்"... இன்னின்ன தேதியில் நீங்கள் அனுப்பிய கடிதம் படிக்கப்படாமலே அழிக்கப்பட்டதுன்னு அறுபதுக்கும் மேல. அத்தனையும் அவர் படித்ததற்கு ரசீது கேட்டு அனுப்பிய கடிதங்கள். "என்னப்பா, ரெண்டு வருஷமா நான் அனுப்பினதை ஒண்ணுகூட பாக்கலையா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

இது காமெடி. இதே விஷயத்தில் காமெடி இல்லாத ஒன்றும் நடந்தது. எங்கள் டீமில் இருந்த ஒருவர் (அவங்க அனுமதியோடுதான் எழுதறேன்), அப்பாவை ஐசியூவில் சேர்த்துட்டு, ராத்திரி லீவ் மெயில் போடுறதுக்காக ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பைத் திறந்திருக்காங்க. மேலே வந்து நின்ற ஒரு கடிதம் படித்ததற்கான ரசீது கேட்டது. அந்தப் பெட்டி போனால் போதும்னு 'யெஸ்' அமுக்கிட்டாங்க. கடிதத்தைப் படிக்கவே இல்லை. நாலு மாசம் கழிச்சு அப்ரைசல் மீட்டிங்கில் அந்த ரசீது மேசைக்கு வந்தது. "ராத்திரி 11:43க்கு படிச்சிருக்கீங்க. காலையில வரைக்கும் ஒண்ணும் பண்ணலை." அவங்களால என்ன சொல்ல முடியும்? ரசீது இருக்கே!

அன்னிக்குத்தான் இந்த ரசீது எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். பொட்டி தட்டுறவனுக்குக் கோபம் வந்தா வேறென்ன செய்வான், ஆவணத்தைத் தேடிப் படிப்பான். படிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

தபால்காரரும் கையெழுத்தும்

கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. பிரிட்டனில் 1841ல் பதிவுத் தபால் வந்தது. நம்ம ஊரில் அதோடு ஒட்டி வரும் ஒப்புகை அட்டையை எல்லோருக்கும் தெரியும். தபால்காரர் வருவார், பேரைக் கேட்பார், கையெழுத்து வாங்குவார், அட்டை அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வக்கீல் நோட்டீஸா, வங்கிக் கடிதமா, எதுவானாலும் அந்த அட்டைதான் சாட்சி. 1897ம் வருஷத்து பொது வாசகங்கள் சட்டத்தின் 27ம் பிரிவு இதற்கு ஒரு சட்ட பலமும் கொடுத்தது. சரியான முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், மறுத்து நிரூபிக்கும் வரை அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

இதில் மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, கேட்பவர் ஒரு மூன்றாம் ஆள். அனுப்பியவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. ரெண்டு, கேள்வி உங்க முகத்துக்கு நேரா வருது. கையெழுத்துப் போடுறோம்னு தெரிஞ்சே போடுறீங்க. மூணு, அந்த அட்டை சொல்வது "வந்து சேர்ந்தது" என்பதை மட்டும்தான். பிரிச்சீங்களா, படிச்சீங்களா, படிச்சு அழுதீங்களா என்பதெல்லாம் தபால் துறைக்குத் தேவையில்லாத சங்கதி.

இன்னொரு விஷயமும் இருக்கு. வாங்க மறுத்தால் தபால்காரர் 'ரெஃப்யூஸ்டு'ன்னு எழுதித் திருப்பி அனுப்புவார். கோர்ட்டில் அதுவும் சேர்ந்ததற்குச் சமம்தான். மறுப்பதே ஒரு பதில் என்பது இங்கேயே ஆரம்பிச்சாச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

(நம் நாட்டில் பதிவுத் தபால் 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய ஆளுங்களுக்குச் சின்ன வருத்தம்தான்.)

மின்னஞ்சலுக்கு ரசீது எதுக்கு?

1971ல் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட்டில் முதல் கடிதத்தை அனுப்பியபோது ரசீது பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அனுப்பியவரும் அவரே, வாங்கியவரும் அவரே, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே அறையில். 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821தான் இன்றைக்கும் ஓடுகிற எஸ்எம்டிபியின் தாத்தா. அதில் கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் திரும்பி வரும். சேர்ந்தால்? சத்தமே இருக்காது. சேதி இல்லைன்னா நல்ல சேதிங்கற கணக்கு.

ஆனா மனுஷன் சும்மா இருப்பானா? எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயிலில் 'ரிட்டர்ன்-ரிசீட்-டூ' என்று ஒரு தலைப்பு வரி புழக்கத்துக்கு வந்தது. கடிதத்தில் அது இருந்தால், கடைசி சர்வர் "போட்டாச்சு"ன்னு பதில் அனுப்பும். அது தரநிலையில் இல்லாத சமாச்சாரம். பெரிய மடற்குழு ஒன்றுக்கு யாராவது தெரியாமல் இதைப் போட்டு அனுப்பினால், உறுப்பினர் ஒவ்வொருவரின் சர்வரும் ஒரு ரசீது அனுப்பும். நிர்வாகிகள் கடுப்பாகி, சென்ட்மெயிலின் தனியுரிமை அமைப்புகளில் ரசீதை நிறுத்துவதற்கென்றே ஒரு சொல்லைப் போட வேண்டி வந்தது. நியூசிலாந்தின் டேவிட் ஹாரிஸ் எழுதிய பெகாசஸ் மெயில் தனக்கென 'எக்ஸ்-கன்ஃபர்ம்-ரீடிங்-டூ' என்று இன்னொன்றை வைத்துக்கொண்டது. ஆளுக்கொரு பாஷை.

இதே நேரத்தில் இன்னொரு உலகமும் இருந்தது. 1984ல் சிசிஐடிடி வெளியிட்ட எக்ஸ்.400. நாடுகளின் தொலைத்தொடர்புத் துறைகள் சேர்ந்து கட்டிய மின்னஞ்சல். தபால் ஆபீஸ் ஆட்கள் கட்டினால் எப்படி இருக்கும்? ரசீது இல்லாமல் இருக்குமா? போய்ச் சேர்ந்த அறிவிப்பு தனி, பெற்றுக்கொண்ட அறிவிப்பு தனி, பெற்றுக்கொள்ளாத அறிவிப்பு தனி!

எக்ஸ்.400 பொதுமக்களிடம் வந்து சேரவே இல்லை. ஆனால் 1996ல் வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 4.0 அந்த மரபைச் சார்ந்து கட்டப்பட்டது. அவுட்லுக்கின் உள்ளே எட்டிப் பார்த்தால் படித்த ரசீதின் வகைப்பெயர் 'ஐபிஎன்ஆர்என்' என்று முடியும். படிக்காத ரசீது 'ஐபிஎன்என்ஆர்என்'. இந்த எழுத்துக்கள் அப்படியே எக்ஸ்.400 வழி வந்தவை. எனக்கு அறுபது கடிதம் மாட்டிவிட்டது 1984ல் ஏதோ ஒரு கமிட்டி அறையில் எடுத்த முடிவு! திங்கட்கிழமை டேமேஜரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஏத்துக்கிட்டிருப்பாரான்னு தெரியலை.

கேட்டுட்டு அனுப்பு

1996 ஜனவரியில் இணையத் தரநிலை ஆட்கள் முதல் பாதியைச் சரி செய்தார்கள். ஆர்எஃப்சி 1891 முதல் 1894 வரை. சர்வர் அனுப்பும் 'சேர்ந்தது' அறிவிப்பு. இது தபால்காரரின் வேலை. மனுஷனைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்த பாதி 1998 மார்ச்சில் வந்தது. ஆர்எஃப்சி 2298. எழுதியவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ரோஜர் ஃபாஜ்மன். இன்றைக்கு நாம் 'ரீட் ரிசீட்' என்று சொல்வது இதைத்தான். கடிதத்தில் 'டிஸ்போசிஷன்-நோட்டிஃபிகேஷன்-டூ' என்ற வரி இருந்தால், வாங்கியவரின் மென்பொருள் பதில் அனுப்பலாம். 'லாம்'. அதுதான் முக்கியம்.

தரநிலை ஆவணங்கள் பொதுவாக, திரையில் என்ன காட்டணும்னு சொல்ல மாட்டாங்க. இந்த ஆவணம் அதை ஒப்புக்கொண்டுவிட்டு, இருந்தாலும் ரசீது அனுப்பும் முன் பயனரின் சம்மதத்தைப் பெறுங்கள் என்று வலுவாகப் பரிந்துரைக்கிறது. ரசீது போகவேண்டிய முகவரியும் அனுப்பியவரின் திரும்பு முகவரியும் வேறுவேறாக இருந்தால் தானாக அனுப்பவே கூடாது, கேட்டே ஆகணும். ரசீதுக்கு ரசீது கூடாது (இல்லைன்னா ரெண்டு சர்வரும் பிரளயம் வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கும்). ரசீதுக்குள்ளேயே இது மனிதர் கையால் அனுப்பியதா, தானாகப் போனதா என்றும் குறிக்கணும். இவ்வளவு யோசிச்சிருக்காங்க.

எல்லாத்துக்கும் மேல ஒரு விளக்கம். 'காட்டப்பட்டது' என்று ரசீது சொன்னால், கடிதம் திரையில் வந்தது என்று மட்டுமே அர்த்தம். படித்தார் என்றோ புரிந்துகொண்டார் என்றோ எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஆவணமே சொல்கிறது. அந்த அப்ரைசல் மீட்டிங்கில் இந்த ஒரு வரியைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை, என்னையும் சேர்த்து.

அதே 1998 ஆவணத்தில் 'மறுக்கப்பட்டது' என்றும் ஒரு பதில் வகை இருந்தது. அதாவது, "இந்தக் கடிதத்தை நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல விரும்பவில்லை." யோசிச்சுப் பாருங்க. "சொல்ல மாட்டேன்"ன்னு சொல்லறதே, கடிதம் வந்தது, பார்த்தேன், யோசிச்சேன், மறுத்தேன் என்று நாலு விஷயத்தைச் சொல்லிடுது. தபால்காரரின் 'ரெஃப்யூஸ்டு' முத்திரையேதான். 2004 மே மாதம் திருத்தி வந்த ஆர்எஃப்சி 3798ல் அந்த வகை இல்லை. 2017ல் வந்த ஆர்எஃப்சி 8098லும் இல்லை. வேண்டாம்னா பேசாம இருந்துடு, அவ்வளவுதான்.

பூட்டுப் போட்ட ரசீது

சாதா ரசீதில் ஒரு ஓட்டை. அது வெறும் கடிதம். யார் வேணும்னாலும் போலியாகச் செய்யலாம். "நீங்க படிச்சதா எனக்கு ரசீது வந்துச்சு"ன்னு நானே ஒண்ணு டைப் அடிச்சுக் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் பொய்னு சொல்ல முடியாது.

இதற்குத்தான் 1999 ஜூனில் ஆர்எஃப்சி 2634 வந்தது. பால் ஹாஃப்மன் தொகுத்தது. எஸ்/மைம் என்ற டிஜிட்டல் கையெழுத்து முறைக்கு மேலே கட்டிய கூடுதல் பாதுகாப்புச் சேவைகள். அதில் ஒன்று கையெழுத்திட்ட ரசீது. நான் கையெழுத்திட்டு அனுப்பும் கடிதத்துக்குள்ளேயே ரசீது வேணும் என்ற கோரிக்கையும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும். நடுவில் யாரும் அதைச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. உங்க மென்பொருள் என் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே, என் கடிதத்தின் கைரேகையைச் சேர்த்து, உங்கள் சாவியால் கையெழுத்திட்டு ரசீது அனுப்பும். அதை நான் மூன்றாம் ஆளிடம் காட்டி நிரூபிக்கலாம். டிஜிட்டல் யுகத்தின் ஒப்புகை அட்டை.

ஒரே வருஷ இடைவெளியில் வந்த ரெண்டு ஆவணங்களுக்கும் தொனி எவ்வளவு வித்தியாசம் பாருங்க. 1998 ஆவணம் "கேட்டுட்டு அனுப்பு" என்றது. 1999 ஆவணம், கேட்கப்பட்டால் மென்பொருள் தானாகவே ரசீதைத் தயாரிக்கட்டும், உள்ளூர் கொள்கைக்கும் அமைப்புகளுக்கும் உட்பட்டு அனுப்பட்டும் என்கிறது. காரணம் இருக்கு. இந்தச் சேவைகளின் முன்னோடி எம்எஸ்பி என்ற அமெரிக்க அரசின் பாதுகாப்புச் செய்தி முறை. கட்டளை வந்தால் "வந்தது" என்று சொல்லியே ஆகவேண்டிய உலகம் அது. அங்கே தனியுரிமை என்று தயங்கிக்கொண்டிருக்க முடியாது.

பிரச்சினை, அந்த ராணுவச் சட்டையை நம்ம ஆபீஸுக்குப் போட்டதில்தான். கையெழுத்திட்ட ரசீது தானாகப் போகும்படி விட்டுவிட்டால் என்னென்ன வெளியே போகும்? இந்த முகவரி உயிரோடு இருக்கு என்பது. எத்தனை மணிக்குத் திறந்தீங்க என்பது. உங்க சான்றிதழில் இருக்கும் பெயர், பல இடங்களில் நிறுவனப் பெயரும். இவ்வளவும் உங்க கையெழுத்தோடு. பிறகு "நான் இல்லைங்க"ன்னு சொல்லவே வழியில்லை. சாதா ரசீதில் ஒரு பொய் சொல்லும் சுதந்திரமாவது இருந்தது!

பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தது ஞாபகம் இருக்கா? ஆப்ஷன்ஸில் ரிசீட்ஸ் என்ற தாளுக்குள் 'செக்யூர் ரிசீட்ஸ்'. சாதா ரசீதை 'நெவர்' போட்டுட்டு நிம்மதியா இருப்போம், இந்தப் பொத்தானைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். ரெண்டும் வேறவேற குழாய், ஒண்ணை மூடினா இன்னொண்ணு மூடாது. இன்னிக்கும் எஸ்/மைம் வெச்சிருக்கற ஆபீஸ்கள் இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

கேட்காமலே எடுத்துக்கிட்டது

ரெண்டு தரநிலையும் மெனக்கெட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே பின்வாசலில் ஒருத்தன் புகுந்துட்டான். ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் அளவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு படம். கடிதம் ஹெச்டிஎம்எல்லில் இருந்தால், திறந்தவுடன் அந்தப் படம் அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கும். எத்தனை மணி, எந்த ஐபி, என்ன மென்பொருள், எல்லாம் பதிவாகிவிடும். பெட்டி கிடையாது, கேள்வி கிடையாது. 1999 நவம்பரில் ரிச்சர்ட் எம். ஸ்மித் என்பவர் இதைப் பற்றி 'வெப் பக்' என்ற பெயரில் கேள்வி பதில் வடிவில் எழுதியது இஎஃப்எஃப் தளத்தில் வந்தது. எச்சரிக்கை அப்பவே கொடுத்தாச்சு.

2004ல் 'டிட் தே ரீட் இட்' என்று ஒரு சேவை கிளம்பியது. உங்கள் கடிதத்தை எப்போது திறந்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள், உத்தேசமாக எந்த ஊரிலிருந்து என்று சொல்லும். படிப்பவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் விளம்பரமே. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருஷம் இது சட்டவிரோதம் என்றது. 2006 பிப்ரவரியில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டுக்குழு, படிப்பவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் இது கூடாது என்று கருத்து வெளியிட்டது.

அதே 2006ல் தான் எச்பி விவகாரம். நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேசியது பத்திரிகைக்குக் கசிந்தது. யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க ஆட்களை வைத்தார்கள். அவர்கள் பொய் சொல்லி இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் தொலைபேசிப் பதிவுகளை வாங்கியதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. இன்னொன்றும் செய்தார்கள். நிறுவனத்துக்குள் அதிருப்தியோடு இருக்கும் மேலாளர் மாதிரி ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, சிநெட் தளத்தின் நிருபர் டான் கவமோட்டோவுக்கு உளவுக் குறி வைத்த மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர் அதைத் தன் செய்தி மூலத்துக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வார் என்று கணக்கு. கணக்கு பலிக்கவில்லை.

தலைவர் பட்ரீசியா டன் 2006 செப்டம்பரில் பதவி விலகினார். அதே மாதம் 28ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை. டிசம்பரில் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு எச்பி 1.45 கோடி டாலர் கட்டிச் சமரசம். டன் மீதான குற்றச்சாட்டுகள் 2007ல் தள்ளுபடி ஆயின. தொலைபேசிப் பதிவுகளைப் பொய் சொல்லி வாங்குவதற்கு எதிராக 2007 ஜனவரியில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. உளவு மின்னஞ்சல்? பேசினார்கள், விட்டுவிட்டார்கள். இன்றைக்கு நமக்கு வரும் விளம்பரக் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் அதே குறிதான் உட்கார்ந்திருக்கு.

2018 மே மாதம் வந்த இஃபெயில் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெர்மனி, பெல்ஜியம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பூட்டப்பட்ட எஸ்/மைம் கடிதத்தின் உள்ளடக்கத்தையே இந்தப் படம் இறக்கும் வழியாக வெளியே இழுக்க முடியும் என்று காட்டினார்கள். முன்வாசலுக்கு எட்டு லிவர் பூட்டு, கொல்லைப்புறத்தில் தட்டிக் கதவு.

சும்மா இருப்பது எப்படி?

அடைக்க என்ன செய்தார்கள்? அவுட்லுக் 2003 வெளிப் படங்களைத் தானாக இறக்குவதை நிறுத்தியது. 2013 டிசம்பரில் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாக இறக்க ஆரம்பித்தது. உங்க ஐபி தப்பித்தது, ஆனால் திறந்தீர்கள் என்ற செய்தி தப்பவில்லை. 2021ல் ஆப்பிள் வேறு மாதிரி யோசித்தது. தன் மெயில் செயலியில் அந்த வசதியைப் போட்டால், நீங்க திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில் முன்கூட்டியே இறக்கிவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் திறந்ததாகவே கணக்கு வரும். எல்லாரும் 'ஆமா'ன்னா, அந்த 'ஆமா'வுக்கு ஏது மதிப்பு?

வாட்ஸப் 2014 நவம்பரில் நீல டிக் கொண்டு வந்தது. ஊரே கொந்தளித்து, பிறகு அணைக்கும் வசதி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. நீங்க உங்களுடையதை மறைத்தால் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாது. நியாயம்தான்.

இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எல்லோரும் மௌனம், அல்லது எல்லோரும் 'ஆமாம்', அல்லது கொடுத்து வாங்கும் சமன். மூணுலயும் தனி ஒருத்தரின் பதிலில் இருந்து எதையும் மோப்பம் பிடிக்க முடியாது. 'மறுக்கப்பட்டது' வகையை எடுத்ததில் இருக்கும் நியாயமும் அதேதான்.

இப்ப ஆபீஸுக்கு வாங்க. 1998 ஆவணம் நம்பியது அந்தப் பெட்டியை. "ரசீது கேட்கிறார், அனுப்பவா?" சமமான ரெண்டு பேருக்கு நடுவில் அது அருமையான ஏற்பாடு. கேட்பவர் உங்க இன்க்ரிமெண்ட்டை முடிவு செய்பவராக இருந்தால்? டீமில் பத்து பேரில் ஒன்பது பேர் 'யெஸ்' அமுக்கியிருக்கும்போது நீங்க மட்டும் 'நோ' அமுக்கினால், அந்த மௌனம் ஒலிபெருக்கி வெச்சுப் பேசும். அந்த இடத்தில் அது சம்மதம் இல்லை, மரியாதையாக நடத்திய வசூல். தனி ஆளுக்கு விட்டால் இது தீராது. ஆபீஸே எல்லோருக்கும் ஒரே பதிலாக வைத்தால்தான் தீரும்.

"அப்ப ஆதாரம் வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. நம்ம சட்டத்தைப் பாருங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13. முகவரியாளர் குறிப்பிட்ட கணினிக்குள் நுழைந்த கணமே மின்பதிவு பெறப்பட்டதாகக் கணக்கு. படித்தாரா என்ற கேள்வியே அங்கே இல்லை. பிரிவு 12, ஒப்புகை வந்தால்தான் இது கட்டுப்படுத்தும் என்று அனுப்புபவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஒப்புகை வராதவரை அனுப்பியதாகவே கருதப்படாது என்கிறது. அதாவது நிஜமாகவே ஒப்புகை வேண்டிய இடத்தில், அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கச் சொல்லுது சட்டம். 2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம், வாட்ஸப்பில் அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்தது, திறக்கவும்பட்டது என்பதை ஏற்றுக்கொண்டது உண்மை. அது கோர்ட் நோட்டீஸ். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வரும் ஸ்டேட்டஸ் மெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

எங்க ஆபீஸில் செய்தது

இதையெல்லாம் நாலு பக்கமாக எழுதி ஐடி நிர்வாகிகிட்ட கொடுத்தேன். நல்ல மனுஷர், பொறுமையா படிச்சார் (ரசீது கேட்கலை!). கடைசியில் நடந்தது இதுதான்.

- வெளியிலிருந்து வரும் ரசீதுக் கோரிக்கை வரியை நுழைவாயில் சர்வரிலேயே கழற்றிவிடுவது. ஸ்பேம் அனுப்புறவனுக்கு எதுக்கு உறுதிச் சீட்டு?
- உள்ளே எல்லோருடைய அவுட்லுக்கிலும் 'நெவர் சென்ட்' என்று குரூப் பாலிசி மூலம் போட்டுவிடுவது. யாரும் தனியாக 'நோ' சொல்ல வேண்டியதில்லை.
- வெளிப் படங்கள் தானாக இறங்காது.
- எஸ்/மைம் ரசீது, சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு இரண்டுக்கு மட்டும். அதுவும் கேட்டுவிட்டுத்தான் போகும்.
- நிஜமா பதில் வேணும்னா, கடிதத்தின் கடைசி வரியில் "பார்த்ததும் ஒரு வரி எழுதுங்க"ன்னு எழுதணும்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். என் பெயர் 'டூ', 'சிசி'யில் இல்லாவிட்டால், அனுப்புபவர் நம் டொமைனுக்கு வெளியே இருந்தால், மற்றபடி என்று மூணு வகைக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வைக்கலாம். ரசீது யாருக்கு என்பதை யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைசியா ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் என் கடிதங்கள் எல்லாவற்றிலும் ரசீது கேட்கும் டிக்கைப் போட்டு வைத்திருந்தேன். கெத்துன்னு நினைப்பு. யார் யார் எப்ப திறந்தாங்கன்னு ஒரு ஃபோல்டரில் சேர்த்தும் வெச்சிருந்தேன். ஒரு தடவை டெஸ்டிங் டீம் பையன் ஒருத்தனிடம் "நேத்தே பாத்தியே, ஏன் சொல்லலை?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கேன். அவன் முகம் போன போக்கு அப்ப எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வராண்டா கதை கேட்ட அன்னிக்குத்தான் அந்த முகம் திரும்ப ஞாபகம் வந்தது.

அவங்க அப்பா இப்ப நல்லா இருக்கார். அவங்க வேற கம்பெனிக்கு மாறிட்டாங்க. இந்தப் பதிவை வெளியிடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்கன்னு அவங்களுக்கு அனுப்பி வெச்சேன். ரெண்டு நாள் சத்தமே இல்லை. படிச்சாங்களா, இல்லையான்னு தெரியலை. சும்மா காத்திருந்தேன். மூணாவது நாள் ஒரு வரி வந்தது: "போடுங்க."

அதுக்கு மேல என்ன ரசீது வேணும்?

டிஸ்கி: எஸ்/மைம் அமைப்புகளில் கை வைக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ் நிர்வாகிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அப்புறம் படிக்காத மெயிலை மொத்தமா டிலீட் பண்றதுக்கு முன்னாடி 'மார்க் ஆல் ஆஸ் ரீட்' போடலாமான்னு கேட்கறவங்களுக்கு: போட்டா 'படிச்சாச்சு'ன்னு அறுபது ரசீது போயிடலாம். முதல்ல அமைப்புகளை மாத்துங்க மக்கா!